மச்சம் தொடாத கறுவல்

சோயாமீற் கறி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கறுவல் பார்த்துக்கொண்டிருந்தது. கறுவலைச் சோமசேகரம் பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்று இரண்டு பேரையும் பத்மாசினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டிக்கு முன்னால் முன்னங்கால்களை ஒழுங்காக ஊன்றி நாய் குந்தியிருந்தது. வாயிலிருந்து வீணி நூலாக இறங்கி நிலத்தைத் தொட்டது. சட்டியை ஒருதரம் பார்க்கும். பிறகு நிமிர்ந்து சோமசேகரத்தின் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று வரவேண்டும், வந்தால் போதும் என்பது போன்ற பார்வை. அவரும் தன் முகத்தில் என்ன குறைகிறது என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

"சாப்பிடன்ரா," என்றார்.

கறுவல் வாலை நிலத்தில் ஒருமுறை தட்டியது. அவ்வளவுதான்.

"தின்னாது," என்றாள் பத்மாசினி. குரலில் கவலையைவிடப் பெருமைதான் கூட இருந்தது. "பெட்டியிலை கோழிச் சுவையெண்டு போட்டிருக்கு. நான் கண்ணாடி போடாமல் வாசிச்சிட்டன். வெறும் சுவைதான். ஆனால் பாத்தியளே, இறைச்சி, மச்சத்தின்ரை வாசம் வந்தாலே தொடமாட்டுது."

சோமசேகரம் பொதுவாகவே பேசாத ஆள். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்த காலத்திலும் சீனி முடிந்துவிட்டது என்பதை வெறும் சாக்கை உதறிக் காட்டித்தான் சனங்களுக்குச் சொல்வார்.

குழப்பம் அந்தச் சட்டியில் தொடங்கியதல்ல. அச்சுவேலிக்கு வடக்கே, பற்றைக்காட்டை ஒட்டியிருந்த அவருடைய கச்சான் தோட்டத்தில் தொடங்கியது. ஓய்வு எடுத்த பிறகு ஆசையோடு நிலக்கடலை போட்ட தோட்டம். விடிகிற நேரத்தில் முயல்கள் பற்றைக்குள்ளிருந்து வந்து, வேலியோரத்துச் செடிகளை நாவிதர் மாதிரி ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டுப் போயின. அவர் வேலியில் பத்மாசினியின் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார். முதல் கிழமை முயல்கள் பயந்தன. அடுத்த கிழமை சேலைகளின் நிழலில் இருந்து தின்றன.

பக்கத்துத் தோட்டக்காரன் கனகலிங்கம் நேரே விஷயத்துக்கு வந்தான். முயலுக்கு நஞ்சு மருந்து வைப்போம் என்றான். சோமசேகரத்துக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நல்ல வேட்டைநாய் வந்தால் போதும், முயல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்ட கனகலிங்கம் திகைத்துப்போய்ச் சம்மதித்தான்.

"சரி அண்ணை. கச்சான் கிண்டுறதுக்கு முதல் நாய் சரிவரவேணும். சரிவராட்டி நான் மருந்து வைப்பன். மருந்து வைச்ச இடத்திலை பிறகு நாயும் வைச்சிருக்கேலாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

நாய் மணற்காட்டிலிருந்து வந்தது. அங்கே கடற்றொழில் செய்யும் கிறகோரி, பருவத்துக்கு முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யப் புறப்பட்டிருந்தான். வள்ளத்தில் நாய்க்கு இடமில்லை. கறுவலைக் கொண்டுவந்து சோமசேகரத்தின் கையில் கயிற்றைக் கொடுத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. நாயின் நெற்றியில் இருந்த தூசியைப் பெருவிரலால் மேலிருந்து கீழே ஒருதரம், குறுக்கே ஒருதரம் துடைத்துவிட்டான்.

"மச்சத்திலை வாய் வையான் ஐயா," என்றான். "அப்பிடி வளத்திருக்கிறன்."

சோமசேகரத்தின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. காரணம் பத்மாசினி. மகன் கஜானன் களவாகக் கப்பலேறி வெளிநாடு போன நாட்களில், அவன் உயிரோடு கரைசேர்ந்தால் தன் வளவுக்குள் மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் வராது என்று அவள் நேர்ந்துவிட்டாள். மகன் கரைசேர்ந்து, வேலை எடுத்து, வீடும் வாங்கிவிட்டான். நேர்த்தி மட்டும் கரைசேரவில்லை. மச்சம் தின்னுகிற சீவன் எதுவும் வளவுக்குள் வரப்படாது என்பதால் அந்த வீட்டில் பூனைகூட இல்லை.

கிறகோரி சொன்னதை அவர் அப்படியே வந்து சொன்னார். பத்மாசினி நாயைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"குடுத்த ஆள் சைவமோ, வேதமோ?"

"வேதம். மணற்காட்டுச் சேர்ச்சுக்குப் போற ஆள்."

"வேதக்கார வீட்டிலை எப்பிடிச் சைவ நாய்?"

அவளே யோசித்து, போன பிறப்பில் ஏதோ பெரிய ஆத்துமா, கணக்குத் தவறி மணற்காட்டில் வந்து பிறந்திருக்கிறது என்று முடிவுசெய்தாள். கேட் திறந்தது.

முதல் விடியலிலேயே கறுவல் ஒரு முயலைப் பிடித்தது. கடித்துக் குதறாமல், சலவைக்குப் போட்ட சட்டைபோலக் கவ்விக் கொண்டுவந்து சோமசேகரத்தின் காலடியில் வைத்துவிட்டுக் குந்தியிருந்து முகத்தைப் பார்த்தது. கனகலிங்கம் முயலை வீட்டுக்குக் கொண்டுபோக முதல் குடலை எடுத்து அதற்கு எறிந்தான். கறுவல் தொடவில்லை. அவரையே பார்த்தது.

"மெய்தான் அண்ணை," என்றான் கனகலிங்கம். "இப்பிடி ஒண்டை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

அதோடு கறுவல் சைவம் என்பது ஊரறிந்த உண்மையானது. பத்மாசினி தினமும் சோறும் பருப்பும் குழைத்து, ஒரு கரண்டி நெய் விட்டு வைத்தாள். அதைக் கறுவல் மறுப்பில்லாமல் தின்றது. ஆனால் சந்தோஷமில்லாமல் தின்றது. கொஞ்ச நாளில் விலா தெரிந்தது. ஓட்டத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்கியது.

"முயல் நிண்டு திரும்பிப் பாத்தது அண்ணை," என்றான் கனகலிங்கம். "சுகமில்லையோ எண்டு கேக்கத்தான் நிண்டது."

சோமசேகரம் மிருக வைத்தியர் சுபாங்கனிடம் போனார். இளம் டொக்டர், நாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓடி வேலைசெய்கிற நாய்க்குக் கொழுப்பும் புரதமும் வேண்டும், சோற்றில் ஓடமுடியாது என்றார். பெரிய செலவும் தேவையில்லையாம். குறுணல் அரிசியில் கஞ்சி வைத்து, சந்தையில் சும்மா கொடுக்கிற சூடை மீன் தலைகளை அவித்துப் போட்டு, கொஞ்சம் பூசணியும் சேர்த்தால், பெட்டியில் வருகிற தீனியைவிடத் திறமாம்.

"நாங்கள் சைவம் டொக்டர்."

"நான் நாய்க்குச் சொல்லுறன் ஐயா."

"நாயும் சைவம்தான்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த அமைதி சோமசேகரத்துக்குப் பிடித்திருந்தது. பிறகு டொக்டர் பெருமூச்சோடு சோயா, உழுந்து, பயறு, கச்சான் என்று சைவப் புரதங்களைச் சொல்லி அனுப்பினார். வருகிற வழியில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் வெளிநாட்டு நாய்த் தீனிப் பையைத் தூக்கி விலையைப் பார்த்த சோமசேகரம், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

அப்படி வந்ததுதான் இந்தச் சோயாமீற்.

அது ஆறிப்போய்க் கிடக்க, அவர் கிறகோரிக்கு அழைத்தார். முல்லைத்தீவில் அவன் கடற்கரையில் நிற்கிறான் போல. அலைச் சத்தம் பாதி, ஆள் சத்தம் பாதி.

"உவன் உங்களிட்டை என்ன சாப்பிட்டவன்?"

"நாங்கள் சாப்பிடுறதைத்தான் ஐயா. எங்களைப் போலத்தான் சாப்பிடுவான். நாங்கள் எப்பிடியோ அப்பிடி."

மேலும் கேட்க முதல் தொடர்பு அறுந்தது. வீட்டுச் சாப்பாட்டில் மிச்சம் என்று சோமசேகரம் விளங்கிக்கொண்டார். மீன்பிடிக்கிற வீட்டில் மிச்சம் வருகிற சைவச் சாப்பாடு என்னவாக இருக்கும் என்று அவர் அன்றிரவு முழுக்க யோசித்தார்.

அடுத்தது உழுந்தங்களி. பத்மாசினி பெரிய தாச்சியை இறக்கி, உழுந்து மாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டினாள். பெரியபிள்ளையான பெட்டைக்கு இடுப்புக்குப் பலம் வரக் கொடுக்கிற அதே களி. கறுவல் சட்டியைத் துடைத்து நக்கியது. மயிர் பளபளத்தது. இடுப்பும் வந்தது. ஆனால் அது போய் முருங்கை நிழலில் படுத்தால் எழும்புவதாக இல்லை. எழும்பினாலும் பின்பக்கத்திலிருந்து உழுந்து பேசியது. பற்றைக்குள் கறுவல் நுழைய முதலே முயல்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது.

"சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் குடுக்கிறதைக் குடுத்தால் அது ஓடுமே அண்ணை?" என்றான் கனகலிங்கம். "தண்ணி வாக்கிற நாளைச் சொல்லுங்கோ, நான் தட்டம் தூக்கிறன்."

சோமசேகரம் களியை நிறுத்தினார். தோட்டத்திலேயே இருக்கிற கச்சானை அவித்துக் கொடுத்தால் செலவுமில்லை, சத்துமுண்டு என்று தோன்றியது. செடியொன்றைப் பிடுங்கி, மண் தட்டி, கறுவல் பார்த்திருக்க அவித்துக் கொடுத்தார். அதற்கு நன்றாகப் பிடித்தது.

மற்ற நாள் விடியப் போனபோது தோட்டத்தின் நடுவே கறுவல் குந்தியிருந்தது. மூக்கெல்லாம் மண். சுற்றிவரச் செடிகள் வேரோடு கிளறிக் கிடந்தன. முயல்கள் ஓரத்து இலையைத்தான் தின்றன. இது நடுத் தோட்டத்தில் காயையே தின்றிருந்தது. வேலியோரத்தில் ஒரு முயல் தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

கனகலிங்கம் வந்து பார்த்தான். அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் சோமசேகரத்துக்குப் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை மட்டும் பாப்பம் அண்ணை," என்றான். "பிறகு மருந்துதான்."

சோமசேகரம் வரம்பில் இருந்தார். கறுவல் வந்து பக்கத்தில் இருந்தது. இரண்டும் பேசாமல் இருந்தன. பேசாமல் இருப்பதில் அவருக்கு இந்த நாயைப்போல ஒரு துணை வாழ்க்கையில் வாய்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மருந்து வைத்தால் இது போகவேண்டும். யாரிடம் போகும்? கிறகோரி மாரி கழிந்துதான் வருவான்.

டொக்டர் சொன்ன சூடை நினைவுக்கு வந்தது. ஒருதரம் கொடுத்துப் பார்த்தால் என்ன?

அச்சுவேலிச் சந்தையில் மீன் விற்கிற மக்டலீன், அவரைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள். மணற்காட்டிலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிறவள்; அச்சுவேலியில் எந்த வீட்டில் என்ன கறி என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன ஐயா, உங்கடை வீட்டிலை மச்சம் இல்லையெண்டெல்லே கதை."

"நாய்க்கு."

"ஓமோம். எல்லாரும் நாய்க்குத்தான் வேண்டுறவை."

தோட்டத்துக் கொட்டிலில் பொச்சுமட்டை மூட்டி, சூடையை உப்புப் போட்டுச் சுட்டார். வாழையிலையில் வைத்துக் கறுவலுக்கு முன்னால் தள்ளினார். அது எழும்பி ஒழுங்காகக் குந்தியது. உடம்பு முழுக்க நடுங்கியது. வீணி வடிந்தது. வாய் வைக்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்தது.

தின் என்றார். எடு என்றார். மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். தலையைத் தடவினார். பழக்கமில்லாத சாப்பாடு, எப்படித் தின்பது என்று காட்டினால் தின்னும் என்று நினைத்து, ஒரு சூடையை எடுத்துத் தன் வாயில் வைத்துக் காட்டினார்.

நேர்த்திக்குப் பிறகு அவர் வாயில் பட்ட முதல் மச்சம். கறுவலுக்கு விளங்கியிருக்காது என்று இன்னொன்று காட்டினார். பிறகு தலைப்பக்கம் எப்படி என்று காட்டினார். இலை வெறுமையானபோதும் கறுவல் அதே இடத்தில் குந்தியிருந்தது. இப்போது அதன் பார்வையில் அவருக்கு விளங்கக்கூடிய ஒன்று இருந்தது.

கையை மண்போட்டுக் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். பத்மாசினி தண்ணீர்ச் செம்பை நீட்டியவள், நீட்டிய கையோடு நின்றாள்.

"நாய்க்குக் குடுத்துப் பாத்தனான்," என்றார்.

"நாய் திண்டதோ?"

அவர் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார்.

"வேத வீட்டிலை வளந்தது சைவமாய் இருக்குது," என்றாள் அவள் மெதுவாக. "சைவ வீட்டிலை வளந்தது..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கறுவலின் மதிப்பு ஏறியது. ஏறிய அளவுக்கு அவருடையது இறங்கியது. பத்மாசினி நாய்க்கு வைரவன் என்று பெயர் மாற்றினாள். வைரவருடைய வாகனமே நாய்தானே என்றாள். காலையில் குளிப்பாட்டி மூன்று குறி விபூதி பூசினாள். ஒழுங்கை முனையிலிருக்கும் வைரவர் கோவிலில் வடைமாலை சாத்துகிறவர்கள், திரும்பிப் போகும்போது கேட்டடியில் நின்று இதற்கும் வடை கொடுத்தார்கள். மச்சம் தொடாத வேட்டைநாயைப் பார்க்கவென்றே கனகலிங்கத்தின் மனைவி உதயகலா தன் சொந்தக்காரரைக் கூட்டிவந்தாள். கறுவல் வடை தின்றது, கும்பிடுகிறவர்களைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. முயல்கள் கச்சானைப் பார்த்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கனகலிங்கம் கையில் கடதாசிப் பொட்டலத்தோடு வந்தான். பத்மாசினியும் உதயகலாவும் கேட்டடியில் நின்றார்கள். கறுவல் ஒழுங்கையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது.

"பின்னேரம் வைக்கப்போறன் அண்ணை," என்றான் கனகலிங்கம். அவனுக்கும் விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது. "நாயைக் கட்டி வையுங்கோ. நாளைக்கு ஆரையும் பாத்துக் குடுப்பம்."

சோமசேகரம் தலையாட்டினார். நல்ல சோறு, நல்ல பருப்பு, நெய், களி, கச்சான், வடை. இவ்வளவு தின்றும் ஒரு நாய் ஏன் ஓடவில்லை? ஓடாத நாய்க்கு மீனை வைத்தால் ஏன் அழுவதுபோலப் பார்க்கிறது? எந்த இடத்தில் பிழை வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கயிற்றை எடுக்கப் போனவர், எதை எடுக்க வந்தேன் என்று மறந்து நின்றார்.

அப்போது மக்டலீன் வந்தாள். மீன் விற்று முடிந்து, மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தி, எதிர்ப்பக்கத்துப் பூவரசு நிழலில் இருந்து மத்தியானச் சாப்பாட்டை அவிழ்த்தாள். புட்டு, மேலே பொரித்த சூடை. மணம் ஒழுங்கை முழுக்கப் பரவியது.

கறுவல் கண்ணைத் திறந்தது.

வடை தின்று கனத்த உடம்பைத் தூக்கி எழும்பி, ஒழுங்கையைக் கடந்துபோய், அவளுக்கு முன்னால் முன்னங்கால்களை ஊன்றிக் குந்தியது.

"பயப்பிடாதை பிள்ளை," என்றாள் பத்மாசினி இந்தப் பக்கத்திலிருந்து. "அவன் மச்சம் தொடமாட்டான். சும்மா பாப்பான்."

மக்டலீன் பயப்படவில்லை. அவளுக்குப் பசி. கண்ணை மூடினாள். நெற்றி, நெஞ்சு, தோளிரண்டும் தொட்டாள். உதடு மெல்ல அசைந்தது. கறுவலின் காதிரண்டும் நிமிர்ந்தன. வால் மண்ணைக் கூட்டத் தொடங்கியது.

"ஆமென்," என்றாள் மக்டலீன்.

அவள் கண்ணைத் திறந்தபோது புட்டு மட்டும்தான் இருந்தது.

கறுவல் நடு ஒழுங்கையில் நின்று, நாக்கைச் சுழற்றி, மூக்கைத் துடைத்து, முதல்தரமாக ஒரு வேட்டைநாய் போலக் குலைத்தது. அந்தப் பாய்ச்சலைப் பார்த்த கனகலிங்கம், பொட்டலத்தை மடித்து மெல்லச் சாரக்கட்டுக்குள் செருகினான்.

மக்டலீன் குனிந்து நாயின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கிறகோரி அண்ணையின்ரை கறுவலெல்லே இது. ஏன் இப்பிடி ஊதிக் கிடக்குது?" என்றாள். "பிடிக்கிற முயலைத் திண்டுபோடக் கூடாதெண்டு அண்ணை குட்டியிலையே பழக்கினவர். மச்சம் எண்டால் செபம் சொல்லி முடியுமட்டும் வாய் வையான்."

சோமசேகரத்துக்கு அலைச் சத்தத்துக்குள்ளிருந்து கிறகோரியின் குரல் திரும்பக் கேட்டது. எங்களைப் போலத்தான் சாப்பிடுவான் ஐயா. நாங்கள் எப்பிடியோ அப்பிடி.

பத்மாசினி கேட்டைப் பிடித்தபடி நின்றாள். நாயின் நெற்றியில் காலையில் அவள் பூசிய விபூதி இன்னும் அழியவில்லை. அதன் மீசையில் சூடையின் செதிலொன்று மினுங்கியது.

"அப்ப," என்றாள் கடைசியில், "இவன் சைவமில்லையோ?"

மக்டலீன் விபூதியைப் பார்த்தாள். பத்மாசினியைப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது? இவன் வேதமக்கா."